ரெண்டாவது சாவி எங்கே?



பழைய கார் பார்க்கப் போகிறவர்கள் எல்லோரும் தவறாமல் செய்கிற காரியம் ஒன்று உண்டு. டயருக்கு ஓர் உதை விடுவார்கள். எதற்கென்று கேட்டால் அவர்களுக்கே தெரியாது. அடுத்து பானெட்டைத் திறந்து, ஆயில் கேஜை உருவிப் பார்த்து, டாக்டர் மாதிரி தலையை ஆட்டுவார்கள். ஏ.சி. குளிருதா, பாட்டு பாடுதா என்று பார்ப்பார்கள். விலை பேசி முடித்ததும் சாவியை வாங்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வந்துவிடுவார்கள். அந்தச் சாவியை மட்டும் யாரும் சோதிப்பதில்லை.

ஈரோட்டில் என் மாமா ஒரு பழைய சின்ன கார் வாங்கியபோது அவரும் சோதிக்கவில்லை. கூடப் போயிருந்த நானும் சோதிக்கவில்லை. எலெக்ட்ரானிக்ஸ் மூன்றாமாண்டு படிக்கிறேன் என்று சொல்லிக்கொள்ளவே கூச்சமாக இருக்கிறது.

புரோக்கர் ஒரே ஒரு சாவிதான் கொடுத்தார். "இன்னொண்ணு?" என்று கேட்டதற்கு, "அது எங்கியோ தொலைஞ்சு போச்சுங்க, கடையில வெட்டிக்கலாம், பெரிய விஷயமில்லைங்க" என்றார். மாமாவும் சரி என்றுவிட்டார். அடுத்த வாரமே பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் சாவி வெட்டும் கடையில் 150 ரூபாய்க்கு ஒரு சாவி வெட்டிக்கொண்டு வந்தார். வெறும் இரும்புச் சாவி. போட்டுத் திருப்பினார். வண்டி ஸ்டார்ட் ஆகிவிட்டது.

"பாத்தியா மாப்ள! ஷோரூம்ல பல ஆயிரம் ஆகும்னாங்க. 150 ரூபாயோட முடிச்சேன்!"

எனக்கும் சந்தோஷம்தான், ராத்திரி படுக்கும் வரை. படுத்த பிறகுதான் உறைத்தது. அந்த வண்டியில் இம்மொபிலைசர் இருக்கிறது. மீட்டர் போர்டில் சாவி படம் போட்ட விளக்கு எரிவதை நானே பார்த்திருக்கிறேன். அப்படியானால் அந்த 150 ரூபாய் சாவியில் வண்டி ஸ்டார்ட் ஆகியிருக்கவே கூடாது.

ஏன் கூடாது என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். மெக்கானிக்கல் நண்பர்கள் பயப்பட வேண்டாம், நாம் லேபில் பார்த்த டிரான்ஸ்ஃபார்மர் தத்துவம்தான். இக்னிஷன் பூட்டின் வாயைச் சுற்றி ஒரு செம்புக் காயில் இருக்கும். சாவியைப் போட்டு ஆன் செய்தவுடன் அந்தக் காயிலில் பெரும்பாலும் 125 கிலோஹெர்ட்ஸ் அளவில் ஒரு அலை ஓடும். சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் அரிசி மணியைவிடச் சற்றுப் பெரிதாக ஒரு சிப் இருக்கிறது. அதற்குள் ஒரு குட்டிக் காயில். பூட்டின் காயில் பிரைமரி, சிப்பின் காயில் செகண்டரி. அந்தத் தூண்டு மின்சாரத்திலேயே சிப் உயிர் பெற்றுப் பேசும். அதற்கென்று பேட்டரி கிடையாது. ரிமோட்டின் பேட்டரி செத்துப் போனாலும் சாவியைப் போட்டால் வண்டி ஓடுவது இதனால்தான். ரிமோட் வேறு, சிப் வேறு. இரண்டும் ஒரே கைப்பிடிக்குள் குடியிருக்கின்றன, அவ்வளவே.

ஆரம்ப கால சிப்கள் ஒரே எண்ணைத் திரும்பத் திரும்பச் சொல்லும். பிறகு வந்தவை கொஞ்சம் கெட்டிக்காரத்தனமானவை. வண்டி ஒவ்வொரு முறையும் புதிதாக ஓர் எண்ணைக் கேள்வியாக அனுப்பும். சிப் தனக்குள் இருக்கும் ரகசியத்தை வைத்துக் கணக்குப் போட்டு விடை சொல்லும். வண்டியும் அதே கணக்கைப் போட்டுப் பார்க்கும். விடை பொருந்தினால்தான் இஞ்சினுக்குப் பெட்ரோலும் ஸ்பார்க்கும். இல்லையென்றால் சில வண்டிகள் சுற்றவே சுற்றாது. சில வண்டிகள் ஒரு நொடி உறுமிவிட்டு அணைந்துபோகும்.

இது எவ்வளவு முக்கியம் என்பதற்கு அமெரிக்காவில் நடந்ததைப் பார்த்தால் போதும். ஐரோப்பாவில் 1998 முதலும், கனடாவில் 2007 செப்டம்பர் முதலும் புதிய கார்களுக்கு இம்மொபிலைசர் கட்டாயம் ஆனது. அமெரிக்காவில் அப்படிக் கட்டாயம் இல்லை. அங்கே விற்ற ஹூண்டாய், கியா வண்டிகளில் சாவி திருப்பும் வகை பலவற்றில் அந்த சிப் இல்லாமலே போட்டிருந்தார்கள். 2021, 2022இல் அதைத் திருடுவது எப்படி என்று சின்னப் பையன்கள் வீடியோ போட ஆரம்பித்து, ஊர் ஊராகத் திருட்டு. 2023 பிப்ரவரியில் இரண்டு கம்பெனிகளும் 83 லட்சம் வண்டிகளுக்கு இலவசமாக சாஃப்ட்வேர் மாற்றித் தருவதாக அறிவிக்க வேண்டி வந்தது. அந்தத் திருட்டு விளையாட்டில் அதற்குள் 8 பேர் இறந்திருந்ததாக அந்நாட்டு சாலைப் பாதுகாப்புத் துறை சொன்னது. ஒரு அரிசி மணி சிப் இல்லாததன் விலை அது!

சரி, மாமா வண்டிக்கு வருவோம். இன்னொரு துப்பும் இருந்தது. புரோக்கர் கொடுத்த ஒரிஜினல் சாவியைப் போட்டால் சில நாள் காலையில் முதல் திருப்பலில் ஸ்டார்ட் ஆகாது, சாவி விளக்கு மினுக்கும். இரண்டாவது, மூன்றாவது தடவை சரியாகிவிடும். ஆனால் 150 ரூபாய் சாவியைப் போட்டால் ஒரு நாளும் தகராறு இல்லை. ஒரிஜினல் தடுமாறுகிறது, டூப்ளிகேட் ஜம்மென்று ஓடுகிறது! இது என்ன நியாயம்?

ஞாயிற்றுக்கிழமை மாமாவைக் கெஞ்சி ஸ்டியரிங் அடியில் இருக்கும் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினோம். அடியில் நாலு ஸ்குரூ இருக்க வேண்டிய இடத்தில் மூன்றுதான் இருந்தது. அப்போதே எனக்குச் சந்தேகம். உள்ளே இக்னிஷன் காயிலை ஒட்டி கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தது. பிரித்தால், உள்ளே அந்தச் சிப்.

"தொலைந்து போன" ரெண்டாவது சாவி வண்டிக்குள்ளேயே இருந்திருக்கிறது! யாரோ அதை உடைத்து, சிப்பை மட்டும் எடுத்து, காயிலோடு சேர்த்துக் கட்டிவிட்டார்கள். வண்டியைப் பொறுத்தவரை சரியான சாவி எப்போதும் பூட்டில் இருக்கிறது. அதனால் பல் பொருந்துகிற எந்த இரும்பைப் போட்டுத் திருப்பினாலும் ஓடும். ஒரிஜினல் சாவியைப் போட்டால் மட்டும் இரண்டு சிப்பும் ஒரே நேரத்தில் வாய் திறக்கும். வகுப்பில் இரண்டு பேர் ஒரே சமயத்தில் "பிரசன்ட் சார்" சொன்னால் என்ன ஆகுமோ, அதேதான்.

ஆர்.சி. புத்தகத்தில் இருந்த பழைய ஓனரைத் தேடிப் பிடித்து மாமா போனில் கேட்டார். அவர் கொஞ்சமும் ஒளிக்கவில்லை. "ஆமாங்க, டிரைவருக்கு ஒண்ணு, தம்பிக்கு ஒண்ணு, கடைப் பையனுக்கு ஒண்ணுன்னு மூணு சாவி வெட்டினேன். சிப் சாவின்னா செலவு ஜாஸ்தின்னு ஒரு எலெக்ட்ரீஷியன் இப்படிப் பண்ணிக் கொடுத்தார்" என்றார். அந்த மூன்றும் இப்போது எங்கே என்றதற்கு, "அதெல்லாம் யாருக்குங்க ஞாபகம்?"

ஆக, நான்கரை மாத சம்பளத்தைக் கொட்டி மாமா வாங்கிய வண்டியை ஓட்டிக்கொண்டு போகக்கூடிய மூன்று சாவிகள் ஊரில் எங்கோ கிடக்கின்றன. அன்று மாமா முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இதை வாங்கும் முன்பே கண்டுபிடித்திருக்க முடியுமா? முடியும். பத்து நிமிஷ வேலை. முதலில் எத்தனை சாவி என்று கேளுங்கள். புது வண்டிக்குப் பொதுவாக இரண்டு கொடுப்பார்கள். பல கம்பெனிகள் சாவி எண் அடித்த சின்னத் தகடு ஒன்றும் கொடுப்பதுண்டு, அதையும் கேளுங்கள். இரண்டு சாவியையும் தனித்தனியாகப் போட்டு ஸ்டார்ட் செய்து பாருங்கள். ஒன்றில் ஸ்டார்ட் ஆனது, போதும் என்று விட்டுவிடாதீர்கள். ஆன் செய்ததும் இம்மொபிலைசர் விளக்கு சில நொடி எரிந்து அணைய வேண்டும். மினுக்கிக்கொண்டே இருந்தால் சாவியை வண்டிக்கு அடையாளம் தெரியவில்லை. ஒரு தடவைகூட எரியவே இல்லையென்றால் அதுவும் சந்தேகத்துக்குரியதுதான். மாடலுக்கு மாடல் இது மாறும். அதனால் வண்டியோடு வரும் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் பேசுவது நல்லது.

அடுத்தது எனக்குப் பிடித்த சோதனை. அத்தை சப்பாத்தி சுற்றித் தருகிற அலுமினியக் காகிதம் ஒரு துண்டு கொண்டுபோங்கள். ஓனரிடம் சொல்லிவிட்டு, சாவியின் பிளாஸ்டிக் தலையை மட்டும் நாலைந்து சுற்று இறுக்கமாகச் சுற்றி, பல் பாகத்தை வெளியே விட்டு, போட்டுத் திருப்புங்கள். அலுமினியம் அந்த அலையை விழுங்கிவிடும், சிப் பேச முடியாது. இம்மொபிலைசர் ஒழுங்காக இருக்கிற வண்டி பெரும்பாலும் ஸ்டார்ட் ஆகாது. ஆகிவிட்டால், ஒன்று அந்த மாடலில் சிப்பே கிடையாது, அல்லது மாமா வண்டி மாதிரி யாரோ கை வைத்திருக்கிறார்கள். ஒரு தடவை செய்தால் போதும், திரும்பத் திரும்ப முயற்சி செய்தால் சில வண்டிகள் கோபித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பூட்டிக்கொள்ளும். ஸ்டார்ட் பட்டன் வகை வண்டிக்கு இந்தச் சோதனை ஒத்துவராது.

பூட்டுகளுக்கு வருவோம். இது முழுக்க மெக்கானிக்கல் பசங்க ஏரியா. டிரைவர் கதவு, டிக்கி, பெட்ரோல் மூடி என்று சாவித் துவாரம் இருக்கிற இடமெல்லாம் ஒரே சாவி சேர வேண்டும். ஒரு கதவுக்கு மட்டும் வேறு சாவி என்றால் அந்தக் கதவே மாற்றப்பட்டிருக்கலாம், ஆக்சிடெண்ட் ஆனதா என்று கேளுங்கள். இக்னிஷனுக்கு வேறு, கதவுக்கு வேறு என்றால் கேள்வியை இன்னும் அழுத்திக் கேளுங்கள். சாவியை எடுத்துவிட்டு ஸ்டியரிங்கைத் திருப்பினால் 'டக்'கென்று பூட்டிக்கொள்ள வேண்டும். இஞ்சின் ஓடும்போது சாவியை இழுத்தால் வரக் கூடாது. வந்தால் பூட்டு தேய்ந்துவிட்டது.

ஸ்டியரிங் அடியில் செல்போன் டார்ச்சை அடித்துப் பாருங்கள். இக்னிஷன் பூட்டை ஸ்டியரிங் கம்பத்தோடு பிடித்திருக்கும் போல்ட் பல வண்டிகளில் ஒரு விசேஷ வகை. இறுக்கும்போதே அதன் தலை முறிந்து விழுந்துவிடும், மொட்டைத் தலைதான் மிஞ்சும். ஸ்பேனர் போட்டுக் கழற்ற முடியாது. திருடனுக்காகவே அப்படிச் செய்தது. அந்த இடத்தில் மொட்டைக்குப் பதில் சாதாரண அறுகோணத் தலை போல்ட் இருந்தால், பூட்டை யாரோ ஒருமுறை கழற்றியிருக்கிறார்கள். நியாயமான காரணமும் இருக்கலாம். பில் காட்டச் சொல்லுங்கள்.

அலாரம் சமாச்சாரம். கம்பெனியிலேயே வந்ததா, வெளியே போட்டதா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். சோதிக்க சுலபமான வழி: டிரைவர் பக்கக் கண்ணாடியை இறக்கிவிட்டு, எல்லோரும் வெளியே வந்து ரிமோட்டால் பூட்டுங்கள். ஒரு நிமிஷம் பொறுங்கள். பிறகு ஜன்னல் வழியே கையை விட்டு உள்பக்கக் கைப்பிடியைப் பிடித்துக் கதவைத் திறங்கள். ஊரே திரும்பிப் பார்க்கிற மாதிரி அலற வேண்டும். டிக்கிக்கும் பானெட்டுக்கும் இதேபோல் பாருங்கள். பானெட் சுவிட்ச் துருப்பிடித்து வேலை செய்யாத வண்டிகள் நிறைய. பானெட்டைத் திறந்தும் அலாரம் சும்மா இருந்தால், பேட்டரி ஒயரைப் பிடுங்கிவிட்டு நிம்மதியாக வேலை பார்க்கலாம்!

வெளியே போட்ட அலாரம் என்றால் எனக்குக் கொஞ்சம் அலர்ஜி. அலாரம் நல்லதுதான், போடுகிற விதம்தான் மோசம். ஒயரைச் சுரண்டி, முறுக்கி, டேப் சுற்றி விட்டுவிடுவார்கள். சால்டர் வைக்க நேரமிருக்காது. கொஞ்ச நாளில் டேப் இளகி வழுக்கும். நடுரோட்டில் வண்டி நின்றால் பெட்ரோல் பம்ப் என்பார்கள், காயில் என்பார்கள். கடைசியில் அலாரக்காரர் வெட்டிச் சேர்த்த இக்னிஷன் ஒயராக இருக்கும். அந்த மாதிரி அலாரத்தில் அதை உறங்க வைக்க ஒரு ரகசிய சுவிட்சும் இருக்கும், சர்வீஸ் விடும்போது அமுக்குவது. அது எங்கே இருக்கிறது என்று பழைய ஓனர் காட்டித்தர வேண்டும். இல்லையென்றால் ராத்திரி 2 மணிக்கு அலாரம் நிற்காமல் கத்தும்போது பக்கத்து வீட்டுக்காரர்கள் உங்களுக்குக் காட்டித்தருவார்கள்.

நம் மல்டிமீட்டருக்கும் வேலை உண்டு. வண்டியை அணைத்து, பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, இடையில் மீட்டரை 10 ஆம்பியர் ரேஞ்சில் சீரியஸாகப் போடுங்கள். எல்லாக் கதவையும் மூடி, வண்டி தூங்கும்வரை அரை மணி நேரமாவது காத்திருங்கள். அதன் பிறகும் ஓடுகிற கரண்ட் 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் நல்லது. 35 ஆம்பியர் அவர் பேட்டரியை அது காலி செய்ய 29 நாள் ஆகும். அதுவே 300 மில்லி ஆம்பியர் இழுத்தால் ஒரு நாளைக்கு 7.2 ஆம்பியர் அவர். ஐந்து நாளுக்குள் பேட்டரி படுத்துவிடும், ஸ்டார்ட் ஆகாமல் போவது அதற்கும் முன்பே. தப்பித் தவறி மீட்டர் இருக்கும்போது சாவியைத் திருப்பிவிடாதீர்கள். மீட்டர் ஃபியூஸ் போகும், லேப் மீட்டரென்றால் பிரேக்கேஜ் ஃபீஸும் போகும்.

பாக்கெட்டில் வைத்துக்கொண்டே திறக்கிற ஸ்மார்ட் சாவி என்றால் கூடுதல் கவலை. 2011இலேயே சூரிச்சில் மூன்று ஆராய்ச்சியாளர்கள் 8 கம்பெனிகளின் 10 மாடல்களை எடுத்து, வீட்டுக்குள் இருக்கும் சாவியின் பேச்சை ஆன்டெனா வைத்து நீட்டி வண்டியைத் திறந்து காட்டினார்கள். அலுமினியக் காகிதமோ தகர டப்பாவோ இங்கேயும் உதவும். அந்த வகை வண்டி வாங்கினால் சாவிக்குள் ஒளிந்திருக்கும் அவசர இரும்புச் சாவியை உருவி, கதவு திறக்கிறதா என்று பாருங்கள்.

2019க்குப் பிறகு நம் நாட்டில் ஹூண்டாய் வென்யூ, எம்.ஜி. ஹெக்டர் என்று போனோடு இணைந்த வண்டிகளும் வந்துவிட்டன. அவற்றில் பழைய ஓனரின் போனும் ஒரு சாவிதான். ஐ.பி.எம்.மில் பாதுகாப்புத் துறையில் இருந்த சார்லஸ் ஹெண்டர்சன், தான் விற்றுவிட்ட காரை அதன்பிறகும் தன் போனிலிருந்து பார்க்கவும் திறக்கவும் முடிந்தது என்று 2017இல் வெளிப்படையாகச் சொன்னார். அவர் நல்லவர், சொன்னார். பணம் கொடுக்கும் முன் பழைய ஓனரை உங்கள் எதிரிலேயே தன் கணக்கிலிருந்து வண்டியை நீக்கச் சொல்லுங்கள்.

இனி பணம், காகிதம். வண்டி திருடு போய் இன்சூரன்ஸ் கேட்டுப் போனால், எஃப்.ஐ.ஆர்., ஆர்.சி.யோடு வண்டியின் எல்லாச் சாவிகளையும் கேட்பார்கள். ஒன்றுதான் இருக்கிறது என்றால் கேள்வி மேல் கேள்வி வரும். அதனால் வாங்கும்போதே ஒரு சாவிதான் கொடுத்தார்கள் என்றால் விற்பனை ஒப்பந்தத்தில் அதை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பாலிசியையும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 157ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. புது சிப் சாவி போட எவ்வளவு ஆகும் என்று சர்வீஸ் சென்டரில் விசாரித்து, அந்தத் தொகையை விலையில் கழிக்கச் சொல்லிக் கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம்.

மாமா வண்டியை சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனோம். ஸ்கேனர் மாட்டினார்கள். பதிவாகியிருப்பது 2 சாவி என்று காட்டியது. ஒன்று கையில் இருப்பது, இன்னொன்று டேப்பில் இருந்தது. வேறு சிப் எதுவும் வெளியே இல்லை என்று தெரிந்த பிறகுதான் மாமா தண்ணீர் குடித்தார். கணக்கு பொருந்தாமல் இருந்திருந்தால் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, கையில் இருப்பதை மட்டும் புதிதாகப் பதிந்திருக்க வேண்டும். பழைய இரும்புச் சாவிகள் இன்றும் கதவைத் திறக்கும், அதை மாற்ற வேண்டுமானால் பூட்டு செட்டையே மாற்ற வேண்டும். மாமா மாற்றவில்லை. வண்டிக்குள் எதையும் வைப்பதில்லை, அவ்வளவுதான்.

டேப்பில் இருந்த சிப்பை ஒரு காலிச் சாவிக் கூட்டுக்குள் வைத்து, அதே பஸ் ஸ்டாண்டு கடையில் பல் வெட்டினோம். கடைக்கார அண்ணன் சிப்பைப் பார்த்ததும், "இதை எங்கிருந்து தம்பி புடிச்சீங்க?" என்றார். அந்தச் சாவி இப்போது அத்தையின் அரிசி டப்பாவுக்குள் இருக்கிறது. ஒரிஜினல் சாவியும் காலையில் தடுமாறுவதில்லை.

அந்த 150 ரூபாய் சாவியை மாமா தூக்கிப் போடவில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் வண்டிக்குக் கூட்டிப்போய், அதைப் போட்டுத் திருப்பி, இஞ்சின் ஒரு நொடி உறுமி அணைவதைக் காட்டிக்கொண்டிருக்கிறார்.